தூக்கிற மிஷினிலை தொங்கின அண்டைக்கு

வயசுபோன ஆக்களைப் பாக்கிற வேலைக்கு லண்டன் இல்ஃபோர்ட்டிலை எனக்கு ட்ரெயினிங். எழும்ப ஏலாதவையைக் கட்டிலாலை தூக்கிற மிஷின் பழக்கினவை. "ஆர் நோயாளியா நடிக்கிறியள்?" எண்டு மாஸ்டர் கேட்டார். தூக்கிறதைவிடத் தொங்கிறது சுகமெண்டு நான்தான் முதல் கையை உயத்தினன். வயித்துக்குள்ளை ரெண்டு கோப்பை தேத்தண்ணி வேறை.

துணியிலை சுத்தி மேலை தூக்கின உடனை பேட்டரி முடிஞ்சு மிஷின் நிண்டிட்டுது.

"பலாப்பழம் மாதிரித் தொங்கிறன், ஆராவது பிடுங்குங்கோ!" எண்டன். எல்லாரும் சிரிச்சினம்.

பிறகு ஒண்டுக்கு முட்டத் தொடங்கிச்சுது. இத்தனை ஆம்பிளையளுக்கு முன்னாலை ஒரு பொம்பிளை எப்பிடிச் சொல்லுறது? இறங்கவும் ஏலாது, அசையவும் ஏலாது. காலை இறுக்கிக்கொண்டு கிடந்தன். எல்லாரும் மிஷினையே பாத்துக்கொண்டு நிண்டினம்.

என்னோடை படிச்ச கானா நாட்டுப் பெட்டை மட்டும் குனிஞ்சு என்ரை முகத்தைப் பாத்தாள்.

"அன்ரி, டாய்லெட்டோ?" எண்டு காதுக்குள்ளை கேட்டாள்.

"ஓம் பிள்ளை" எண்ட எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

ஆம்பிளையளைப் புது பேட்டரி எடுக்க அனுப்பிப்போட்டு, ஆரும் யோசிக்காத, அவசரத்துக்கு இறக்கிற சிவப்புப் பிடியை இழுத்து என்னை மெல்ல இறக்கினாள். நான் ஓடின ஓட்டத்தை நீங்கள் பாத்திருக்கோணும்!

இப்ப ஆரைத் தூக்கிறதெண்டாலும் என்ரை பகிடியெல்லாம் பிறகுதான். முதல் குனிஞ்சு, காதுக்குள்ளை "டாய்லெட்டோ?" எண்டு கேப்பன். கனபேர் என்ரை கையை இறுக்கிப் பிடிப்பினம்.