விடாத பிரேக்

"31.12.1981, வியாழன். கடும் பனி. வண்டி கிளம்பியது. பிரேக் பிடித்தது, விடவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று."

அந்த வருடத்து டைரியின் கடைசிப் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மற்ற நாட்களுக்குப் பக்கம் நிறைய எழுதும் பழக்கம் உள்ளவன், அன்றைக்கு மட்டும் ஏன் இப்படிச் சுருக்கினேன் என்று யோசித்தால், எழுதும்போதே தூக்கம் கண்ணைச் சொருகியது நினைவுக்கு வருகிறது. கையெழுத்திலும் அது தெரிகிறது.

அப்போது ஜவ்வாது மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். என் மனைவி தட்டச்சும் சுருக்கெழுத்தும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே காத்திருந்தவள். வருடா வருடம் பதிவைப் புதுப்பித்துவிட்டு வருவாள். பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டாள். அந்த நியமன ஆணை 30ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் வந்தது. திருப்பத்தூரில் ஓர் அலுவலகம். 31.12.1981 முற்பகலுக்குள் பணியில் சேர வேண்டும். தவறினால் ஆணை தானாக ரத்தாகும். வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

தபால் பை வருவதும் பஸ்ஸில்தான். தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அந்த பஸ் திரும்பி இறங்கிப் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் மறுநாள் சாயங்காலம். ஆக, மிச்சம் இருந்தது எங்கள் கார்தான்.

அது மூன்றாம் கையாக நான் வாங்கிய பழைய கார். மலையில் பழுதுபார்க்க ஆள் கிடையாது என்பதால் அதனோடு வந்த கையேட்டை முழுக்கப் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி தண்ணீர், விசிறி பெல்ட், டயர் காற்று எல்லாம் பார்ப்பேன். மார்கழி வந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேரும். குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் ராத்திரிக்கு அதைக் கழற்றி எடுத்துவந்து சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பேன்.

"பச்சக் கொழந்த மாதிரி இல்ல படுக்க வெக்கிறீங்க" என்பாள் மனைவி. "போர்வ வேணுமான்னு கேட்டீங்களா?"

ஆணை வந்த சேதி அந்தச் சின்ன ஊரில் பரவ நேரமாகவில்லை. லாந்தர் வெளிச்சத்தில் நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க, சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பிரேக் எண்ணெய் டப்பியில் மட்டம் இறங்கியிருந்தது. வீட்டில் வைத்திருந்த டின் காலி.

"கொறைவாத்தான் இருக்கு. ஆனா நாளைக்குப் போதும். திருப்பத்தூர்ல வாங்கி ஊத்திக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அது இன்னா எண்ணெ வாத்தியாரே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

கையேட்டில் படித்ததைச் சொன்னேன். "விளக்கெண்ணெயில இருந்துதான் செய்யறாங்க. அதோட வேற என்னென்னவோ சேர்ப்பாங்க."

"அட, நம்ம விளக்கெண்ணெயா!" என்றார் ஒருவர். பலரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் விளக்கெண்ணெய் படாத இரும்பு கிடையாது. மாட்டு வண்டி அச்சு, கிணற்று ராட்டினம், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் அதுதான். காரும் கடைசியில் நம் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி. நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பானெட் திறந்தேதான் இருந்தது. காலையில் பேட்டரியை மாட்டிவிட்டுத்தானே மூட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

விடியும் நேரத்துக்குக் கிளம்பினோம். மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பேட்டரியை மாட்டி, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தேன். வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மலை மேல் பாதை சமமாகப் போகும் வரையில் தொந்தரவில்லை. இறக்கம் தொடங்கும் இடத்தில் பனி பஞ்சுப் பொதி போல வந்து கண்ணாடியில் மோதியது. பெரிய விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சின்ன வெளிச்சத்தில் முன்னால் பத்தடிச் சாலையாவது தெரியும். கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்று படிந்து மங்காமல் இருக்க, இரண்டு பக்க ஜன்னலையும் கொஞ்சம் இறக்கினோம். ஈரக்காற்று காதை அறுத்தது. இரண்டாவது கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன்.

மூன்றாவது வளைவா, நான்காவதா, நினைவில்லை. வண்டி தானாக மெதுவானது. நான் பிரேக்கில் கால் வைத்திருக்கவில்லை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அதற்கும் அசையாமல் எஞ்சின் திணறி நின்றது. செங்குத்தான இறக்கத்தில், ஹேண்ட் பிரேக் போடாமலே, கார் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஏங்க, ஏதோ கருகுது" என்றாள் மனைவி.

இறங்கி முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொட முடியாத சூடு. நாலு சக்கரமும் அப்படியே. பிரேக் பிடித்திருக்கிறது, காலை எடுத்த பிறகும் விடவில்லை. சூடு ஏற ஏற இன்னும் இறுக்கியிருக்கிறது.

மனைவி மணியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி சாலை இறங்கும் திக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடந்தே போனால் முற்பகலுக்குள் திருப்பத்தூர் போய்ச் சேர முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. தலையில் கடுக்காய் மூட்டையோடு ஒருவர் இறங்கி வந்தார். எங்கள் ஊர்க்காரர்; நேற்றுச் சாயங்காலம் காரைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்; கீழே சந்தைக்கு இருட்டிலேயே நடந்து கிளம்பியிருக்கிறார்.

"இன்னா வாத்தியாரே, வண்டிய மேய விட்டுட்டீங்களா?" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கினார். "இன்னா ஆச்சு? நேத்து நல்லாத்தான இருந்துச்சு?"

"பிரேக் விடமாட்டேங்குது."

"பிரேக்கு புடிக்கலன்னு கேட்டிருக்கேன். வுடலன்னு இப்பதான் கேக்கறேன்."

கையேட்டில் ஒரு வழி இருந்தது. பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றை வெளியேற்றச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு உண்டு. ஒன்றைத் தளர்த்தினாலே நாலு சக்கரத்திலும் அடைபட்ட அழுத்தம் இறங்கும். முதலில் சக்கரங்களின் முன்னால் கல் வைத்தோம். பிரேக் விட்டதும் வண்டி ஓடிவிடக் கூடாதே. நான் சாலையில் படுத்து ஸ்பேனரைப் போட்டேன். மனைவி குனிந்து கந்தல் துணியைப் பிடித்தாள். திருகு அரைச் சுற்று திரும்பியதும் எண்ணெய் பீச்சியடித்தது. துணியைத் தாண்டி அவள் கையிலும் புடவையிலும் தெறித்தது. கார் ஒரு முனகலோடு முன்னால் நகர்ந்து கல்லில் சாய்ந்தது.

ஊர்க்காரர் சாலையில் சிந்தியதை விரலில் தொட்டு முகர்ந்தார். "வெளக்கெண்ண வாசன வருது" என்றார். நான் திருகை இறுக்கிக்கொண்டே, "அதுதான் நேத்தே சொன்னேனே, அதுல செய்யறதுதான்" என்றேன். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இனி காலால் பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி இறுக்கும். ஹேண்ட் பிரேக் தனியே கம்பியில் இழுப்பது. அது வேலை செய்யும், ஆனால் அந்த இறக்கத்தில் தனியாக நிறுத்தும் என்று நம்ப முடியாது. முதல் கியரில் எஞ்சினின் இழுப்பிலேயே இறங்க வேண்டும். டிக்கியிலிருந்து முட்டுக்கட்டையை எடுத்தேன். லாரிகளில் கிளீனர்கள் வைத்திருப்பது போன்ற ஆப்பு வடிவ மரத்துண்டு.

"குடுங்க" என்று மனைவி அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் புடிக்கிறேன் தங்கச்சி" என்றார் ஊர்க்காரர்.

"நீங்க முன்னால நடங்கண்ணா. உங்க வெள்ள வேட்டி தெரிஞ்சா இவரு ஓட்டுவாரு. எதுர்ல எதுனா வந்தா சத்தம் குடுங்க."

மூட்டையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார். மனைவி புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டையோடு, மலைப்பக்கமாக முன்சக்கரத்துக்கு அருகில் நடந்தாள். சான்றிதழ்ப் பை என் மடிக்கு வந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டு ஆளின் நடைவேகத்தில் இறங்கியது. வலது கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடித் தேடிப் போனது. கடைசியில் அந்தக் காலைப் பின்னுக்கு மடக்கி, இருக்கைக்கு அடியில் சேர்த்துக்கொண்டேன். இடது பக்கம் பாறை. வலது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. பள்ளம் அங்கேதான் இருந்தது.

ஒரு கொண்டையூசி வளைவில் ஊர்க்காரர் "ஓஓஓய்" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் இரண்டு மஞ்சள் கண்கள் முளைத்தன. மேலே ஏறி வரும் லாரி. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். நின்றுவிட்டால் பாரத்தோடு அதனால் மறுபடி எடுக்க முடியாது. நான் பாறையோரம் ஒதுக்கி ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். கார் நிற்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஈரச் சாலையில் லாரியை நோக்கி நழுவியது. நான் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். எனக்கு அது நினைவில்லை, அவள் பின்னால் சொன்னாள்.

அவள் குனிந்து கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளினாள். சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு ஒரு முழம் போனது. பிறகு ஏறப் பார்த்து, வண்டி முன்புறம் உயர்ந்து, நின்றது. அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்க ஜன்னலுக்குச் சாய்ந்து எட்டிப் பார்க்கும் தைரியமும் வரவில்லை.

"ஆச்சு" என்ற குரல் கேட்டது. இரண்டு கையும் அவளிடமே இருந்தன.

லாரி உரசாத குறையாகக் கடந்தது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பட்டுப்பொடவைல கிளீனரு! சம்பளம் எவ்ளோ குடுக்கறீங்க?"

"கவுருமென்ட்டு சம்பளம்யா! நீ மேல பாத்து ஓட்டு!" என்று ஊர்க்காரர் திருப்பிக் கத்தினார்.

மனைவி சிரித்தாள். காலையிலிருந்து முதல் முறை. சிரிப்பு நிற்காமல் போய், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பனி அதற்குக் கீழே கலைந்தது. இறக்கம் தணிந்த இடத்தில் இருவரும் ஏறிக்கொண்டார்கள். சமவெளியிலும் பிரேக்கைத் தொடாமல், முன்னால் போகும் வண்டிகளை விட்டு எட்டவே இருந்து, கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டினேன். ஊர்க்காரர் சந்தை முனையில் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தில் கலந்தார். அலுவலக வாசலில் காரை ஒரு சின்ன மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். மனைவி இறங்கி ஓடினாள். பணியேற்பு அறிக்கையில் "முற்பகல்" என்றே பதிவாயிற்று. கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் விரல் பட்ட ஒரு கறை இருந்தது என்றும், அலுவலகக் கண்காணிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு ஒற்றுத்தாளை நீட்டினார் என்றும் சொன்னாள்.

பிற்பகல் பட்டறையில் மெக்கானிக் எண்ணெய் டப்பியைத் திறந்தார். அது விளிம்பு வரை நிறைந்திருந்தது. முந்தின நாள் நான் பார்த்தபோது குறைந்திருந்த டப்பி. கொஞ்சம் வெளியே எடுத்து வழியவிட்டார். தேன் போல் இறங்கியது.

"இது காருக்கு ஊத்தற எண்ணெ இல்ல சார். வயித்தால போறதுக்குக் குடிக்கிறது. குளுருல கெட்டியாகி ஓட்டைய அடச்சிருக்கு. அழுத்துனது திரும்பி வர வழியில்ல."

ஊர் திரும்பியதும் கேட்டேன். மனைவி தான் இல்லை என்றாள். எங்கள் வீட்டு விளக்கெண்ணெய்ப் பாட்டில் பாதி காலியாக இருந்தது; அது ஒரு வாரமாகவே அப்படித்தான் என்றாள். அன்று கூடி நின்றவர்கள் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டினார்கள். ஊர்க்காரர், "நானா? எனக்கு மாட்டு வண்டியே கெடையாதே, எண்ணெ ஏது?" என்றார். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் ஒரு மரக்கால் சாமை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டதற்கு, "தங்கச்சிக்கு வேல கெடச்சுதில்ல" என்றார்.

"யாரு ஊத்தியிருந்தாலும் நான் போய்ச் சேரணும்னுதான ஊத்தியிருப்பாங்க? விடுங்க" என்றாள் மனைவி. அவள் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் ராத்திரியில் பானெட்டைத் திறந்து போட்டதில்லை. புறப்படுமுன் டப்பியைத் திறந்து பார்க்காமல் சாவியைத் தொட்டதுமில்லை.

சாமை தந்ததை அந்தத் தேதியில் குறித்திருக்கிறேன். அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. 30ஆம் தேதி இரவு அந்த டப்பியில் எண்ணெய் ஊற்றியது யார் என்பது உறுதிப்படவில்லை.