இரவல் கௌதாரி

நான் அரசுப் பள்ளி ஆசிரியன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காட்டுயிர்களைக் காப்பது பற்றிய பாடமும் வருடா வருடம் என் வாயால்தான் நடக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு வாய் வராது.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கினான். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்லூரி நாட்களில் தொப்பூர்ப் பக்கத்துப் பாறைக் கரட்டில் கண்ணி வைத்துக் கௌதாரி பிடித்த கதையை அளந்துவிட்டேன். பிடித்தவன் என் கூட்டாளி. நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் போனவன். அந்த ஒரு விவரத்தை மட்டும் சொல்லவில்லை.

"சும்மா உடான்ஸ் வுடாதீங்க மாமா. வூட்டுக் கோழியவே நீங்க புடிக்க மாட்டீங்க" என்றான்.

மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் உன் எலையில கவுதாரி வறுவல் இருக்கும், பாரு" என்று சொல்லிவிட்டேன்.

கௌதாரிச் சேவல் ஒவ்வொன்றும் கரட்டில் ஒரு துண்டைத் தன் பெயருக்குப் பட்டா போட்டு வைத்திருக்கும். அந்த எல்லைக்குள் வேறொரு சேவலின் குரல் கேட்டால் போதும், சண்டைக்கு ஓடி வந்துவிடும். அதனால் பிடிக்கப் போகிறவர்கள் பழக்கிய சேவல் ஒன்றைக் கூண்டோடு கொண்டுபோய்ப் பாறை மேல் வைப்பார்கள். கூண்டைச் சுற்றிலும் நரம்புக் கண்ணிகள். உள்ளே இருப்பது கூவும். ஆத்திரத்தோடு வருகிற காட்டுச் சேவல் காலடியைப் பார்க்காது. ஆகவே கரட்டுக்குப் போக எனக்கு முதலில் ஒரு பழகிய கௌதாரி வேண்டும். எங்கள் தெருவில் அது ஒருவரிடம்தான் இருந்தது.

தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பாய் என் பத்து வருடப் பழக்கம். மாலையில் பள்ளி விட்டதும் அவர் கடையில்தான் எனக்கு டீ. அவருடைய கௌதாரி தையல் மிஷினுக்கு அடியில் துணி வெட்டல்களின் மேல் படுத்துக் கிடக்கும். பகலில் கூண்டுகூடக் கிடையாது. அவர் கடைத்தெருவுக்கு நடந்தால் அதுவும் பின்னாலேயே குடுகுடுவென்று நடக்கும். நாக்கைச் சொடுக்கினால் ஓடி வரும். அவருக்கு அடுத்தபடியாக என் சொடுக்குக்கும் வரும். நான் போட்ட பொட்டுக்கடலை கொஞ்சநஞ்சமல்ல. வந்து என் செருப்பு வாரைக் கொத்தும். வேட்டைக்காகச் சிலர் அவரிடம் அதைக் கேட்டு வந்ததும், "அது கூப்புட்டு இன்னொண்ணு சாவறதா? போங்கய்யா" என்று அவர் விரட்டிவிட்டதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"பாய், திங்கக்கெழம ஸ்கூல்ல பசங்களுக்குப் பறவைப் பாடம். நேர்ல காட்டுனா நல்லாருக்கும். ஒரு ரெண்டு நாளு குடுங்க."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தாராளமா எடுத்துக்கினு போங்க சார். புள்ளைங்க பாக்கட்டும்" என்றார். பரணிலிருந்து மூங்கில் கூண்டை இறக்கித் துடைத்தார். ஒரு பழைய பவுடர் டப்பாவில் அதன் தீனிக்குக் கரையான் நிரப்பிக் கொடுத்தார். கூண்டின் மேல் போர்த்த நீலத் துணி ஒன்றைத் தேடி, அதன் ஓரத்தை என் கண்ணெதிரிலேயே மடித்துத் தைத்தார். பிசிறு நூலில் அதன் கால் சிக்கிவிடக் கூடாதாம்.

ஞாயிறு விடியும்போது கரட்டில் இருந்தேன். கீழே மலைச்சாலையில் லாரிகள் கியர் மாற்றி முனகிக்கொண்டு ஏறின. மேலே வெறும் பாறையும் கள்ளியும் முள்ளும்தான். கால் வைத்த இடமெல்லாம் சரளைக்கல் சரிந்தது. நான்கு இடத்தில் கையை ஊன்றி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, ஒரு தட்டைப் பாறையைக் கண்டுபிடித்துக் கூண்டை வைத்தேன். தூண்டில் நரம்பில் முடிந்த கண்ணிகளைச் சுற்றி நட்டுவிட்டு, இருபதடி மேலே ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பாயின் கௌதாரி வெகுநேரம் சும்மாவே இருந்தது. நான் நாக்கைச் சொடுக்கினேன். உடனே கழுத்தை நீட்டிக் கூவியது. எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது. இது கூவ அது கூவ, அந்தக் குரல் பாறை பாறையாக இறங்கி வந்தது. அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் கொஞ்சமும் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காட்டுச் சேவல் கண்ணிக்குப் பத்தடி தூரத்தில் வந்தபோது கீழே சரளை சரியும் சத்தம் கேட்டது. அது விருட்டென்று பறந்துவிட்டது. காக்கிச் சட்டையும் கையில் கம்புமாக வனத்துறை வாட்சர் ஏறி வந்தார். கூண்டைப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தி, பதறி எழுந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"சார்! நீங்களா?" என்றார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள்.

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கேஸ், சஸ்பென்ஷன், பள்ளிக்கூட வாசலில் ஊர்ப்பேச்சு, எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. "வாக்கிங் வந்தேன்பா. டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்றேன்.

அவர் நம்பினார். வாத்தியார் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "எவனோ கண்ணி வெச்சிட்டு என்னையப் பாத்ததும் ஓடிட்டான் சார். யாரயாச்சும் பாத்தீங்களா?"

"இல்லியே."

அவர் கண்ணிகளைப் பிடுங்கிச் சுருட்டினார். "பாவம், இதயாச்சும் காட்டுல வுட்டுடலாம்" என்று கூண்டைத் திறந்தார்.

கௌதாரி வெளியே வந்தது. இறக்கையை உதறிக்கொண்டது. காட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தச் சரிவில் தாவித் தாவி ஏறி நேராக என்னிடம் வந்தது. கடையில் செய்வது போலவே குனிந்து என் ஷூ கயிற்றைக் கொத்தியது.

"உங்களப் புடிச்சிப்போச்சு சார்" என்று வாட்சர் சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் திட்டிவிட்டு விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் காலை உதைத்து, "ச்சூ" என்றேன். அது இரண்டடி விலகி மறுபடியும் வந்தது. வாட்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு நிற்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பயத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

கல் அதன் மேல் படவில்லை, பக்கத்துப் பாறையில் பட்டுத் தெறித்தது. அது கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கூவியது. என்னைப் பார்த்தபடியே கூவியது. இரண்டாவது கல்லை எடுத்ததும் முட்புதருக்குள் ஓடிவிட்டது.

வாட்சர் காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு பேசியபடியே இறங்கினார். மகளுக்குக் கணக்கு வரவில்லையாம். நீலத் துணி அவர் தோளில் கிடந்தது.

மதியம் பிராய்லர் கோழிதான். மச்சான் என்னைக் கிண்டல் செய்தான். என்ன சொன்னான் என்று நினைவில்லை. வெயில் தாழ்ந்ததும் பவுடர் டப்பாவோடு மறுபடியும் கரடேறினேன். கரையானைப் பாறையில் கொட்டிவிட்டு நாக்கு வலிக்கும் வரை சொடுக்கினேன். நான்கு பக்கத்திலிருந்தும் கௌதாரிகள் கூவின. எது பாயுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் மாலையில் கேட்ட குரல்தான். பாய்க்குத் தெரிந்திருக்கும். அவரை அழைத்து வந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டுமே.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போனேன். "பாய், ராத்திரி பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு. கூண்டையும் ஒடச்சிடுச்சு" என்றேன். நாலு தடவை வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனதால் தடுமாறாமல் வந்தது.

அவர் மிஷினை நிறுத்தினார். கூண்டைப் பற்றிக் கேட்கவில்லை. துணி வெட்டல்கள் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப புள்ளைங்க பாக்கலியா சார்?" என்றார்.

"பாக்கலிங்க."

"அடடா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க மனசு வுடாதீங்க சார். பூனைக்கு நாம என்ன பண்றது" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். டீ வரவழைத்தார். நான் டம்ளரை வாங்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"சாவறப்ப கூப்புட்டுச்சா சார்?"

"இல்லீங்க பாய். தூக்கத்துலயே போயிருக்கும்."

"அதுவரைக்கும் நல்லது" என்றார். "கூப்புட்டு யாரும் வரலன்னா எனக்கு மனசு கேக்காது." மிஷினை மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

அது கூப்பிட்டது, பாய். என்னைத்தான் கூப்பிட்டது. நான் கையில் இரண்டாவது கல்லோடு நின்றேன்.