தேதி போடாத நோட்டீஸ்

நேற்று பெங்களூர் சிவாஜி நகரில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவன் கையில் நோட்டீஸைத் திணித்தான். ஏதோ துணிக்கடை. நான் முதலில் தேடியது தேதியை. இருந்தது.

மை வாடை அடித்தால் எனக்கு ஆரோக்கியத்தின் ஞாபகம் வரும். என் பெண்சாதியின் தம்பி. கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்க மனசில்லாமல் பெங்களூருக்கு ஓடி வந்தவன். அப்போது வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது; ரொட்டிக்கு ஓயாத கிராக்கி. நான் பேக்கரியில் மாவு பிசைந்தேன். அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்து ஒரு சிரிப்பு நாடகம் பழகினான்.

சந்தை மைதானத்துக் கொட்டகையை ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் தந்தார்கள். கூட்டம் வந்தால் தொடர்ந்து ஆடலாம். வராவிட்டால் அவனுக்குச் சுரங்கம்தான்.

நோட்டீஸ் எழுதி என்னிடம் நீட்டினான். "படிங்க மாமா. உங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

எனக்குப் படிப்பு அவ்வளவுதான். 'ரசிக சிரோன்மணிகளே' என்பதிலேயே நின்றுவிட்டேன்.

"உங்க மாமா கீழ வரிக்கு வர்றதுக்குள்ள நாடகமே முடிஞ்சிடும்டா" என்றாள் என் பெண்சாதி.

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அடித்தான். மிஞ்சியது இதுதான்: 'சனிக்கிழமை சாயங்காலம் சந்தை மைதானத்துக்கு வாங்க. வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.' அதே தமிழைக் கீழே கன்னட எழுத்திலும் போடச் சொன்னான். கன்னடப் பள்ளியில் படித்த தமிழர்கள் எங்கள் பக்கம் நிறைய.

"தேதி?" என்றார் அச்சாபீஸ்காரர்.

"வர்ற சனின்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். எழுத்து பெருசா வரட்டும் சார்."

சனிக்கிழமை மதியம் பிடித்த மழை விடவில்லை. கொட்டகையில் நாங்களும், மழைக்கு ஒதுங்கிய ஜட்கா வண்டிக்காரர்களும்தான். திங்கட்கிழமை ஆரோக்கியம் கோலார்ப் பக்கம் போகும் மாரிக்குப்பம் ரயிலேறிப் போய்ச் சுரங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை வேலை விட்டு மைதானம் வழியாக வந்தேன். ஜனம். பிள்ளை குட்டியோடு ஜனம். கையில் நோட்டீஸ்.

"என்னாய்யா, கொட்டகையவே காணோம்?" என்றாள் ஒரு காய்கறிக்காரி.

"போன வாரமே நாடகம் முடிஞ்சி கொட்டகையப் பிரிச்சிட்டாங்கம்மா."

"போன வாரம் மழை. அதான் பத்திரமா வச்சிருந்து இன்னிக்கி வந்தோம். சனிக்கிழமைன்னுதானே போட்டிருக்கு? இன்னிக்கி சனிதானே?"

சனிதான்.

கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியம் வந்தபோது ஜனம் வந்ததைச் சொன்னேன்.

"நெறைய பேரா மாமா?"

"மைதானம் கொள்ளல."

கேக்கைப் பிட்டவன் வாயில் போடவில்லை. "அப்போ நோட்டீஸ் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றான். அதன் பிறகு அவன் வேஷம் கட்டவில்லை. சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறிப் போய்ச் சேர்ந்தான். மைதானத்தில் இப்போது வரிசையாக வீடுகள்.

நேற்று பஸ் வருவதற்குள் துணிக்கடை நோட்டீஸெல்லாம் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. தேதி, விலாசம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு காகிதத்தை ஒரு வாரம் மடியில் வைத்திருந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிற ஜனம்தான் இல்லை.