நகரசபைக்கு ஒரு மகஜர்

எங்கள் அப்பாவுக்கு மகஜர் என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. ஏரியைத் தூர் வார வேண்டும், பஸ் நின்று போக வேண்டும் என்று எதற்கெடுத்தாலும் ஊராரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். எழுதுவது நான். ஆறாம் வகுப்பிலேயே என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். பஸ் என்னவோ கடைசிவரை நிற்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில், நேட்டால் கடற்கரையோரம், எங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். அவருடைய தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். பெரியப்பா பிறந்ததே அங்கேதான். ஒரு வருஷம் கடிதத்தோடு படமும் வரைந்து அனுப்பியிருந்தார். கிழக்கே கடல், கடலை ஒட்டித் தெற்கே போகும் ரோடு, ரோட்டுக்கு மேற்கே கரும்பு மேடுகள். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அவர் வீடு. ரோட்டின் மேல் சிவப்புப் பென்சிலால் நீளமாக ஒரு கோடு. இனிமேல் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் குடியிருக்கலாமாம். நகரசபை இவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூகோளப் புத்தகத்தில் மலைக்கு ஒரு நிறம், கடலுக்கு ஒரு நிறம் உண்டு. மனிதர்களுக்கு நிறம் பிரித்த பக்கம் எங்கே என்று புரட்டிப் பார்த்தேன், காணோம். அப்பா என்னைவிடக் குழம்பினார்.

"ரோட்ட அகலப்படுத்தறாங்களா?"

"அப்டி எழுதலப்பா."

"வூட்டு வரி கட்டலியா?"

"கட்டிக்கினுதான் கீறாராம். ஆனா நகரசபைக்கு ஓட்டுப் போட முடியாதாம்."

"வரி வாங்கிக்குவான், ஓட்டு கெடயாதா? அது இன்னா சபை? நீ பேப்பர எடு."

'இவர் எங்கள் ஊர்க்காரர், நல்ல குடும்பம், அவர் வீட்டிலேயே அவரை இருக்க விட வேண்டும்' என்று அந்த நகரசபைக்குத் தமிழிலேயே எழுதினேன். மைப்பெட்டியோடு அப்பாவும் நானும் வீடு வீடாகப் போனோம். எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு ரோடு உண்டு. இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சேரி. இந்தப் பக்கத்துக் கடைசி வீட்டில் அப்பா மைப்பெட்டியை மூடிவிட்டார். தாளில் இன்னும் இடமிருந்தது.

"அந்தப் பக்கம் போகலியாப்பா?"

"அவங்க எதுக்கு?" என்றார். எனக்கும் கால் வலித்தது, வந்துவிட்டேன்.

நகரசபையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி மகஜரைப் பெரியப்பாவுக்குத் தபாலில் அனுப்பினோம். நாலைந்து மாதம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது, வேறொரு விலாசத்திலிருந்து. கடலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய மேட்டில் புது வீடு. நகரசபையில் மகஜரைக் கையில்கூட வாங்கவில்லையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

'எங்களோடு வீட்டை இழந்த பக்கத்து வீட்டுக்காரர் மகஜரை இரண்டு தடவை படித்தார். அவர் தாத்தாவும் நம் ஊர்ச் சேரியிலிருந்து என் தாத்தாவோடு ஒரே கப்பலில் வந்தவர்தான். நாங்கள் அண்ணன் தம்பியாகப் பழகுகிறோம். தன் சொந்தக்காரர்கள் பெயரைத் தேடினார், இல்லை. இரண்டாம் தாள் தபாலில் விட்டுப்போயிருக்கும் என்று சொல்லி வைத்தேன். இருந்தால் அனுப்பு, அவரும் பார்க்கட்டும்.'

"மேல படி" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான் எழுதியது ஒரே தாள். உறையில் போட்டு ஒட்டியதும் நான்தான். "ரெண்டாம் தாளே கெடயாதுன்னு எழுதிடட்டுமாப்பா?" என்று பேனாவைத் திறந்தேன். அப்பா வாசலில் போய் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாத தப்புக்குப் பாவம் தபால்காரர் மேல் பழி வருகிறதே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை.