கீழ் ஸ்தாயியில் ஒரு முன்னிசை

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். துணி துவைக்கும் நாளில் பெரியவள் தன் வீட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வீட்டில் காயப்போட இடம் கிடையாது. காய்ந்ததும் முன்னறையில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் பேசாத விஷயம் இல்லை. வாடகை, பிள்ளைகள், முழங்கால் வலி, எதிர்வீட்டுக்காரன் வாங்கிய மோட்டார் சைக்கிள். வாத்தியத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார்கள்.

வட்டார பேண்டு குழுவில் இருவரும் சின்ன வயதிலேயே சேர்ந்தவர்கள். அங்கே வைத்த பெரியவள், சின்னவள் என்ற பெயர்களே ஒட்டிக்கொண்டன. பெரியவள் கிளாரினெட். சின்னவள் ஹார்ன், அந்தச் சுருண்டு கிடக்கும் பித்தளைக் குழல். பிழைப்புக்குப் பெரியவள் தையற்கடை வைத்திருக்கிறாள். சின்னவளுக்குக் குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் எடுக்கும் வேலை. குழாயில் தண்ணீர் வராத கோபமெல்லாம் அவள் காதில்தான் வந்து விழும்.

சில வருஷங்களுக்கு முன் ஈறு நோய் வந்து பெரியவளின் மேல்வரிசைப் பற்களை எடுத்துவிட்டார்கள். கட்டிய பல்செட் சாப்பிட உதவியது, தைக்கும்போது குண்டூசியைக் கவ்வவும் உதவியது. கிளாரினெட்டின் வாய்முனையை அழுத்திப் பிடிக்கத்தான் உதவவில்லை. சுரம் மேலே போகப் போகப் பல்செட் ஆடும், சத்தம் கீச்சிடும். குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கடையில் வேலை அதிகம் என்று ஒரு வாரம் வராமல் இருந்தாள். பிறகு எந்த வாரமும் வரவில்லை. சண்டை என்று ஒன்று இருந்தால் சமாதானம் பேசலாம். இல்லாத சண்டைக்கு எங்கே போய்ப் பேசுவது? முன்வரிசையில் அக்கா உட்கார்ந்த நாற்காலி கண்ணில் படும்போதெல்லாம் சின்னவளுக்கு மூச்சு ஒரு இழை குறையும்.

அந்த நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவளும் பெரியவள்தான். “படிச்சுப் பாரு. தூக்கம் போயிடும்” என்றாள். கதையில் ஒரு நகரம். சில வருஷங்களுக்கு ஒருமுறை அரசாங்கம் குடும்பங்களைக் கலைத்து, சீட்டுப் போட்டு, புதிதாகச் சேர்த்து வைக்கும். பழைய உறவை வழியில் பார்த்தால் தெரியாதவர் போலப் போய்விட வேண்டும்; திரும்பிப் பார்ப்பது குற்றம். ஒரு கட்டத்தில் இரண்டு பெண்கள் வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். முன்னால் நிற்பவள் ஒரு மெட்டை முணுமுணுத்துப் பாதியில் விட, பின்னால் நிற்பவள் மீதியை முணுமுணுக்கிறாள். அதோடு வரிசை நகர்ந்துவிடுகிறது.

சின்னவளுக்குத் தூக்கம் போகவில்லை. பசிதான் போயிற்று. சாப்பாட்டு மேசையில், மகளின் பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு, அந்த நாவலுக்கு ஒரு முன்னிசை எழுதத் தொடங்கினாள். ஊரார் எழுதியதை வாசித்திருக்கிறாளே தவிரச் சொந்தமாக ஒரு வரி எழுதியவள் இல்லை. முன்னிசை என்பது திரை விலகுவதற்கு முன் வாசிப்பது, அப்படியென்றால் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார் கணவர். ஒன்றும் இல்லை என்றாள். “கல்யாணமே இல்லாம பத்திரிகை அடிக்கிற” என்று சிரித்துவிட்டு, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறை நாற்காலிக்குப் போனார். மேசை கிடைக்காது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

சீட்டுக் குலுக்குவது போல மேளத்தில் ஆரம்பம். பிறகு ஹார்ன் ஒரு மெட்டை எடுத்துப் பாதியில் விடும், கிளாரினெட் முடிக்கும். கடைசிவரை இரண்டும் ஒன்றாகச் சேராது. கிளாரினெட்டுக்கு எழுதியதெல்லாம் கீழ் ஸ்தாயியில், மரப்பெட்டிக்குள் யாரோ பேசுவது போன்ற இடத்தில்.

போன ஒத்திகையில் பேண்டு மாஸ்டர் இதை ஆண்டு விழாவுக்கு எடுத்துக்கொண்டார். இப்போது கிளாரினெட் வாசிக்கும் வங்கிக்காரர்தான் முகத்தைச் சுளித்தார். கிணற்றுக்குள் இறங்கி வாசிப்பது போல இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிவிட்டால் சபைக்குக் கேட்குமாம். கூடாது என்றாள் சின்னவள். குழுவில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் இருவரையும் பார்த்தார். கீழே வாசிக்க வேறு ஆள் இருந்தால் வியாழக்கிழமை கூட்டிவா, இல்லாவிட்டால் ஏற்றித்தான் வாசிக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். ஏற்றிவிட்டால் அது வேறு யாரோ பாடும் பாட்டு. சின்னவளுக்கு அது தாங்காது.

அடுத்த துணி துவைக்கும் நாளில், கடைசி விரிப்பை மடித்து வைத்ததும் சின்னவள் முன்னிசை எழுதிய தாளை எடுத்து நீட்டினாள். பெரியவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே எழுதியிருந்த நாவலின் பெயரைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. பிறகு கண் வரிவரியாக இறங்க, வலது கை விரல்கள் முழங்காலின் மேல் தானாக அசைந்தன. சின்னவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிக்கும் இடத்தில் விரல்கள் நின்றன.

“இது எந்தப் பல்லுக்கு எழுதினது?”

சின்னவள் மடித்த விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“மேலயே போகலையேடி. ஒரு எடத்துல கூட. நான் என்ன குழந்தையா, எட்டுற எடத்துல எடுத்து வைக்க?”

“அப்படி இல்லக்கா.”

“அப்ப சொல்லு. தானா இப்படி வந்துச்சா, எனக்காக இறக்கினியா?”

தானாக வந்தது என்று சொல்லிவிடலாம். அக்கா நம்பவும் கூடும். நாள் முழுக்கப் புகார் கேட்கும் வேலையில் எத்தனையோ பேரிடம் ‘இதோ வந்துடும்’ என்று சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் ஹார்னைத் தூக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அக்காவின் முன்னால் அவளால் பொய்ச்சுரம் வாசிக்க முடிந்ததில்லை.

“மொதல்ல மேலதான் எழுதினேன். கேட்டா யாரோ மாதிரி இருந்துச்சு. உன்னால முடியணுமேன்னுதான் இறக்கினேன். இறக்கினப்புறம்தான் அந்தக் கதையில வரிசையில நிக்கிறவ வந்தா. பாவம் பாத்து ஆரம்பிச்சேன்னு வேணா வெச்சுக்கோ. இப்ப எனக்கு இது வேணும்க்கா.”

பெரியவள் தாளை மேசையின் மேல் வைத்தாள். காற்றில் அதன் ஓரம் எழும்பியது; உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

“நீ வரலேன்னா வங்கிக்காரர் மேல ஏத்திடுவாரு. வியாழக்கிழமை ஒத்திகைக்கு வருவியா?” என்றாள் சின்னவள்.

பெரியவள் எழுந்து, தன் வீட்டு விரிப்புகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைக் காலால் துழாவி மாட்டினாள். நிலையில் கையை வைத்து நின்று, ஹார்ன் பாதியில் விடும் அந்த மெட்டின் மீதியைத் தாழ்ந்த குரலில் முணுமுணுத்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.