எர்த் கம்பி மாட்டாத நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். பழைய ரேடியோப் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தார். வானொலி நிலையம் புதிதாக வந்தபோது ஒலிபரப்புக் கருவியைப் பூட்டியவர்களில் அவரும் ஒருவர். கருவிக்குள் கண்ணாடிக் குடுவையாக எரியும் வால்வைப் பென்சிலால் தட்டிப் பார்த்தே, இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கிய என்ஜினியர்கள் குறித்துக்கொள்வார்கள். அவருக்கு 'வால்வு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவருக்குப் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

தங்கை கணவரையும் அங்கேயே சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை பயந்த சுபாவம். கருவியை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும். மரப்பிடி போட்ட எர்த் கம்பியை மாட்டி அதைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மாப்பிள்ளை ஒன்றுக்கு இரண்டு தடவை மாட்டுவார்.

"என்ன மாப்ளே, வீட்ல சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாலயும் தட்டுல கம்பி மாட்டுவீங்களோ?"

"உங்க தங்கச்சி கோவமா இருந்தா மாட்டித்தான் ஆகணும் மச்சான்."

ஒரு நாள், மதியச் செய்திக்கு நான்கு நிமிடம் இருக்கையில் கருவி படுத்துவிட்டது. வால்வு சுவிட்சை அணைத்தார். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. மாப்பிள்ளை கம்பியை எடுக்கத் திரும்பினார்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல. முள்ளு விழுந்துடுச்சு. நான் சொல்றேன்ல, கையை வைங்க."

எரிந்துபோயிருந்தது மீட்டருக்குப் போகும் ஒயர். கெப்பாசிட்டர் அப்படியே நிறைந்திருந்தது. மாப்பிள்ளையைத் தூக்கிச் சுவரில் அடித்தது. உயிர் தப்பியது, வலது கை விரல்கள் அதன்பின் மடங்கவில்லை.

நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தபோது, "நான்தான் மாட்ட மறந்துட்டேன்" என்றார் மாப்பிள்ளை. கவனக்குறைவு, வேலை நீக்கம் என்று எழுதத் தயாரானார்கள். வால்வு மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

"நான்தான் சார் கம்பி வேண்டாம்னேன்."

அதிகாரி சிரித்தார். "இருபது வருஷமா 'என் கணக்கு தப்பாது'ன்னு நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க? சொந்தக்காரருக்காக உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க. போங்க, வேலையைப் பாருங்க."

வால்வு எழுதி நீட்டிய தாளையும் அவர் வாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, வால்வு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் கணவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, அன்னைக்கு என்ன நடந்துதுன்னா..."

"தெரியும்ணே," என்றாள், திரும்பாமல். "இவரு கம்பி மாட்டாம எதையும் தொடுற ஆளா? நீங்க சொல்லியிருந்தாத்தான் தொட்டிருப்பாரு."

மாப்பிள்ளை கழுத்தை நிமிர்த்திக் காட்டினார். அவள் கடைசிப் பித்தானையும் போட்டுவிட்டாள்.