அஞ்சு இருபதுக்கு அணைந்த விளக்கு

"காத்து எங்கேர்ந்து வருது, சொல்லு பாப்போம்?"

வீடியோவை நிறுத்திவிட்டு நெவ் கேட்பார். திரையில் பாடகி மெர்லா டீனின் கூந்தல் பறந்தபடி நிற்கும். நாம் முழிப்போம். "ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஒரு மேசை ஃபேன் மச்சான். பாரு, வயரு தெரியுது!" அதைச் சொல்லும்போது அவர் முகம் சிவந்துபோகும். காதலி நெற்றியில் மச்சம் கண்டவன்கூட அவ்வளவு பூரிக்க மாட்டான்.

நெவ்வின் தொழில், பல்செட் செய்வது. எங்கள் சிற்றூர் கல்லம்பாவில் அறுபதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் நெவ் கொடுத்த பல்லில்தான் சிரிக்கிறார்கள். யாருக்கு எத்தனை சொந்தப் பல் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கு ரெண்டு பீர் உள்ளே போனால் எனக்கும் அத்துப்படி.

மெர்லா ஒட்டிக்கொண்ட பொய் இமைமுடி ஒன்றை ஏலத்தில் எடுத்து, பல்செட் டப்பாவில் பஞ்சுக்குமேல் படுக்க வைத்திருக்கிறார். ஒரு கண்ணுக்கானது மட்டும்தான். "இன்னொண்ணு அடிலெய்டுல ஒருத்தன்கிட்ட இருக்கு. தர மாட்டேங்குறான், பாவி." எல்லாம் பொய்தானே என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "தானா வர்ற அழகுல என்னய்யா உழைப்பு இருக்கு?"

ஊரில் அவருக்கு இருந்த ஒரே கௌரவம், முன்னாள் சிப்பாய்கள் நடத்தும் சோல்ஜர் கிளப்பில். தினமும் மாலை ஆறு மணிக்கு விளக்கை மங்கவிட்டு, போரில் செத்தவர்களுக்கான அஞ்சலி வரிகளை மைக்கில் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக. செத்தவர்கள் பெயர் பொறித்த கிளப் சுவரில் அவருடைய அப்பா பெயரும் இருக்கிறது. விளக்கு மங்கினால் போதும், வாயில் சிப்ஸ் இருந்தாலும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றுவிடும். கிளப் சமையல்கட்டில் வேலை பார்க்கும் நானும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

போன ஞாயிறு சாயங்காலம் அதே கிளப்புக்கு மெர்லா பாட வந்தாள். வயது அறுபத்து மூன்று. உடம்பெல்லாம் ஜிகினா. பாரில் சாய்ந்திருந்த டாஸ் என்பவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். "பாடவே மாட்டா, வாயை மட்டும்தான் அசைப்பா. இன்னிக்கு மாட்டுவா பாரு."

மாட்டினாள். நாலாவது பாட்டில் ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டது. அவள் வாய் மூடிவிட்டது, குரல் மட்டும் "வருவே... வருவே... வருவே..." என்று கூரையில் சுற்றியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெர்லாவின் கை, மைக்கோடு அப்படியே நின்றுவிட்டது.

அப்போது விளக்கு மங்கியது.

நெவ்வின் குரல், அஞ்சலி வரிகளை நிதானமாகச் சொல்லத் தொடங்கியது. இருநூறு பேரும் கடிகாரம் பார்க்காமல் எழுந்தார்கள். தொப்பிகள் கழன்றன. டாஸ்கூடக் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து சொல்லி ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பதற்குள் ஒலிப்பதிவு சரியாகிவிட்டது. வெளிச்சம் வந்ததும் பாட்டு முதலிலிருந்து புறப்பட்டது. கூட்டம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நின்றபடியே கை தட்டியது. மெர்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிஜமா அழுறாளா?" என்றேன், மைக்கை வைத்துவிட்டு வந்த நெவ்விடம்.

"மை கலையல பாத்தியா? தொழில் தெரிஞ்சவ மச்சான்." சொன்னவரின் கண்தான் ஈரமாக இருந்தது.

பாட்டுக் கச்சேரி முடிந்ததும் கிளப் தலைவர் பெர்ஸி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பத்து நாலு வயது, பழைய சிப்பாய்.

"நெவ், நீ விளக்கை அணைச்சப்ப மணி என்ன?"

"அஞ்சு இருபது."

"ஏன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொம்பளைக்காக. செத்தவனுங்களை வச்சு அவளுக்குத் திரை போட்டிருக்க. அதுல உங்கப்பனும் ஒருத்தன்."

பெர்ஸி கையை நீட்டினார். விளக்குப் பெட்டிச் சாவியை வளையத்திலிருந்து கழற்ற நெவ்வுக்கு வெகுநேரம் பிடித்தது. "இனிமே நான் பாத்துக்குறேன்," என்றார் பெர்ஸி.

ஆறு மணிக்கு விளக்கு மறுபடி மங்கியது. கூட்டம் ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டாம் முறை எழுந்தது. மைக்கில் பெர்ஸியின் கரகரத்த குரல். நெவ் என் சமையல்கட்டு வாசலில், கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். ஒவ்வொரு சொல்லுக்கும், பெர்ஸி மூச்சு வாங்கும் இடத்தில் தானும் நிறுத்தி, அவர் உதடுகள் அசைந்தன. எல்லாரும் சேர்ந்து சொல்லும் கடைசி வரியிலும் அசைந்தன. பக்கத்திலேயே நின்ற எனக்கும் சத்தம் கேட்கவில்லை.